முதல் கையெழுத்து

கடிதத்தில் மொத்தம் பதினேழு கையெழுத்துகள். முதல் கையெழுத்து அவனுடையது. பதினாறாவதாகவோ பதினேழாவதாகவோ போட்டிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொண்டிருக்கலாம். எழுதியவனே அவன் என்றால் எங்கே போய் ஒளிவது?

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். அவன் சொன்னால் சங்கிலியைக் கழற்றுவார்கள், சட்டையை மாற்றிக்கொண்டு வருவார்கள், தோளைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் மறுபேச்சில்லாமல் நிற்பார்கள். எட்டு வருடத்தில் ஒரே ஒரு அம்மாள்தான், "பொம்பளைங்க யாரும் இல்லையாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவனுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது அந்தம்மாவுக்கு?" என்று ஒரு வாரம் வீட்டில் புலம்பித் தீர்த்தான். அப்படிப்பட்டவன்தான் அந்தக் கடிதத்தை எழுதினான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அவனுடைய ஒரே மகளுக்கு மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம். வீட்டில் அவள் பெயர் வாண்டு. மனைவிக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை, வாரத்துக்கொரு ஷிஃப்ட். அதனால் வாண்டைக் காலையில் காப்பகத்தில் விடுவதும் சாயங்காலம் அழைத்துவருவதும் எக்ஸ்ரேக்காரன் பொறுப்பு. குளிப்பாட்டுவது, தலைவாருவது, டயப்பர் மாற்றுவது எல்லாமே அவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மாமியார் வந்திருந்தபோது வேண்டுமென்றே அவள் கண்ணெதிரில் டயப்பர் மாற்றிக்காட்டினான்.

காப்பகம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். நடு அறையில் இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை பன்னிரண்டு குழந்தைகள். எழுத்து தெரியாத வயது என்பதால் பை மாட்டுகிற கொக்கிகளில் பெயருக்குப் பதில் படம் ஒட்டியிருக்கும். ஒருவனுக்கு மீன், ஒருத்திக்குச் சாவி, வாண்டுக்குக் குடை. அறையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மூன்று டாய்லெட்டுகள். கதவு கிடையாது, இடுப்பளவுச் சுவர் மட்டும்தான். அறையின் எந்த மூலையில் நின்றாலும் உள்ளே குனிந்திருப்பவரின் முதுகு தெரியும். தெரிய வேண்டும் என்றே அப்படிக் கட்டியிருந்தார்கள். குழந்தையை எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், யார் அழைத்துப் போனார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சுவரில் தொங்கும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இதெல்லாம் பெற்றோருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட இதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த அறைக்குத்தான் நெட்டை மாமா வந்து சேர்ந்தான். பெயர் வைத்தது குழந்தைகள். ஆறடிக்கு மேலே உயரம். குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மோவாயைத் தொடும். இரண்டு வருடம் குழந்தை வளர்ப்புப் படிப்புப் படித்தவன், போலீஸ் சான்றிதழ் கொடுத்தவன், மூன்று மாதத் தற்காலிக வேலை. ஏற்கெனவே அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் அவனும் சேர்ந்து பன்னிரண்டு வாலுகளையும் மேய்த்தார்கள்.

வந்த முதல் வாரமே வாசலில் கிசுகிசு தொடங்கிவிட்டது. "ஆம்பளைக்கு வேற வேலையா கிடைக்கல?" என்றாள் ஒருத்தி. 'என் வீட்டுக்காரர் ஒரு டயப்பர் மாத்தினதில்ல' என்று மாதம் முழுக்க மூக்கால் அழுகிறவளும் அவள்தான். ஆம்பளை டயப்பர் மாற்றாவிட்டாலும் குற்றம், மாற்றினாலும் குற்றம் என்றால் அவன் என்னதான் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. எக்ஸ்ரேக்காரனும் கேட்கவில்லை. ஆனால் அப்போது அவன் அந்தப் பேச்சில் சேரவும் இல்லை. தினமும் வாசலில் காலைக் கட்டிக்கொண்டு அழுத வாண்டு இப்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறாள் என்பதில் முதலில் அவனுக்கு நிம்மதிதான்.

வினை டாய்லெட் விஷயத்தில் வந்தது. வாண்டுக்கு டயப்பரை நிறுத்திப் பழக்க எக்ஸ்ரேக்காரன் இரண்டு மாதம் தலைகீழாக நின்றான். படம் போட்ட சின்ன இருக்கை வாங்கினான். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டினான். பாத்ரூம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யானைக் கதையும் முயல் கதையும் சொன்னான். அவள் கதையை முழுசாகக் கேட்பாள், எழுந்திருப்பாள், நேரே ஹாலுக்குப் போய்ச் சோபா ஓரத்தில் நின்று காரியத்தை முடிப்பாள். அதே வாண்டை நெட்டை மாமா ஒன்பதே நாளில் பழக்கிவிட்டான். என்ன மாயம் செய்தான் என்று கேட்டதற்கு அக்கா சிரித்தாள். "மாயமெல்லாம் இல்ல சார். அவசரப்படுத்த மாட்டாரு. வருதுன்னு சொன்னா போதும், கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு அந்த நிமிஷமே கூட்டிட்டுப் போயிடுவாரு. சொன்னா நடக்கும்னு குழந்தைக்கு நம்பிக்கை வந்துடுச்சு."

எக்ஸ்ரேக்காரன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "பரவாயில்லையே" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வாண்டு, "வருது" என்றாள். அவன் துள்ளி எழுந்து தூக்கப் போனான். அவள் இரண்டு கையாலும் அவன் மார்பைத் தள்ளினாள். "நீ வேணாம் போ! நெட்டை மாமாதான் வேணும்!" என்று அழுதாள். மனைவி சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கிப் போய்விட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டில் நாளிலிருந்து பார்த்துப் பார்த்துச் செய்த கையை, நேற்று வந்த ஒருத்தனுக்காக என் பிள்ளை தள்ளிவிடுவதா? வயிறு எரிந்தது. அதற்குப் பெயர் என்னவென்று அவன் அப்போது தேடவில்லை.

அன்று சாயங்காலம் பெற்றோரின் போன் குழுவில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒரு செய்தி போட்டாள். 'டாய்லெட்டுக்குக்கூட அந்த ஆள்தான் கூட்டிக்கொண்டு போகிறானாம். இது சரியா? எல்லோரும் சொல்லுங்கள்.' பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவன் எக்ஸ்ரேக்காரன். ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. அரை மணி நேரத்தில் கடிதமே தயார். 'குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி, உடை மாற்றுதல், சுத்தம் செய்தல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், தூக்குதல் ஆகியவற்றைப் பெண் பணியாளர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.' தூக்குதல் என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை. அது அவனாகச் சேர்த்தது.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தாள்.

"அவர் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாரா?"

"நடந்தப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்? நாலும் நடக்குது உலகத்துல."

"நடக்குதுதான். பயம் வந்தா நானும் கேப்பேன். ஆனா பகல் முழுக்க போன்ல நான் பொய்யைத்தாங்க கேட்டுட்டிருக்கேன். பயந்தவங்க குரல் இப்படி இருக்காது. உங்களுக்கு வேற ஏதோ எரியுது."

"உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு" என்று அவன் எழுந்து போய்விட்டான்.

காப்பகத்தின் பொறுப்பாளரம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "சார், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறவரு. நீங்களே இப்படிச் சொன்னா நான் என்ன சொல்றது? அறைக்கு ரெண்டு பேருதான் என்னால போட முடியும். அதுல ஒருத்தர் குழந்தையத் தொடக்கூடாதுன்னா எப்படி?" அவன் பிடித்த பிடியில் நின்றான். பதினேழு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டால் காப்பகம் என்னாவது? அவள் இறங்கிவந்தாள். அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதில் பேசி நெட்டை மாமாவின் வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று முடிவு செய்யலாம், அதுவரைக்கும் கடிதத்தில் உள்ளபடியே நடக்கலாம் என்றாள். கடிதத்தின் நகல் ஒன்று நடு அறையின் சுவரில் ஏறியது. 'படித்தேன்' என்று நெட்டை மாமா அதன் அடியில் கையெழுத்துப் போட்டான். போடுவதற்குமுன் அந்தப் பதினேழு கையெழுத்துகளையும் மேலிருந்து கீழாகப் படித்தான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அதன் பிறகு எக்ஸ்ரேக்காரனைப் பார்த்தால் நெட்டை மாமா முன்போலவே, "வணக்கம் சார்" என்றான். எக்ஸ்ரேக்காரன்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு வணக்கம் சொன்னான். குழந்தைகளுக்கு விதியாவது ஒன்றாவது? பழக்கப்படி முதுகில் ஏறினார்கள், கழுத்தில் தொங்கினார்கள். அவன் தரையில் உட்கார்ந்து, அவர்களாகச் சறுக்கி இறங்கும் வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் அதைப் புது விளையாட்டு என்று நினைத்துக் கும்மாளம் போட்டார்கள்.

புதன்கிழமை எக்ஸ்ரேக்காரன் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே அழைத்துப் போக வந்துவிட்டான். நடு அறைக் கதவைத் திறந்தான். அறையின் நடுவில் வாண்டு கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, காலடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. அழுது அழுது விக்கல் வந்திருந்தது. அவளிடமிருந்து மூன்றடி தள்ளி நெட்டை மாமா மண்டியிட்டிருந்தான். வாயால் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். கை இரண்டும் பின்னால் இருந்தன.

"என்னய்யா பண்ணிட்டிருக்க?" என்று எக்ஸ்ரேக்காரன் கத்தினான். அதுவரை நீங்க என்று மரியாதையாகப் பேசியவன் ஒரே நொடியில் எங்கே வந்துவிட்டான் பாருங்கள். "குழந்தை நனைஞ்சு நிக்குது, கையக் கட்டிட்டு வேடிக்கை பார்க்கிறியா? மனுஷன்தானா நீ?"

பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்த இரண்டு மூன்று பேர் கதவருகே எட்டிப் பார்த்தார்கள். நெட்டை மாமா எழுந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"அவ என்கிட்ட வந்து சொன்னா சார். வருதுன்னு நேரத்துக்குச் சொன்னா. அக்கா பக்கத்து அறையில இருக்காங்க, ஒரு பையன் விழுந்து உதட்டுல ரத்தம். கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம்னாங்க. மத்தவங்கள விட்டுட்டு நானும் வெளிய போக முடியாது." சுவரில் இருந்த கடிதத்தை அவன் காட்டவில்லை, அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "நான் கூட்டிட்டுப் போகக்கூடாது சார்."

கதவருகே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்தார்கள். அதில் முதல் கையெழுத்து யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

"எவ்வளவு நேரமாச்சு?" என்று எக்ஸ்ரேக்காரன் மெதுவாகக் கேட்டான்.

"அடக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னா. அப்புறம் நனைஞ்சு ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

வாண்டு அப்பாவிடம் ஓடிவரவில்லை. அதுதான் அவனை அறுத்தது. நனைந்த கால்சட்டையை இரண்டு உள்ளங்கையாலும் மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரைக்கும் சோபா ஓரத்தில் நின்று காரியத்தை முடித்துவிட்டுக் கைதட்டிய பிள்ளை. அவளுக்குக் கூச்சம் என்பதே இருந்ததில்லை. சொல்லப் பழகி, சொல்லியும் யாரும் அழைத்துப் போகாமல் எல்லோர் கண்ணெதிரிலும் நனைந்து நின்றதில் முதன்முதலாக அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தவன் பெற்ற அப்பன்.

அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனான். அங்கிருந்த உடை மாற்றும் மேஜையில் நிறுத்தி ஈரத் துணியைக் கழற்றினான். வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்தான். அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளரம்மா ஒரு புதுத் தாயைக் காப்பகம் சுற்றிக் காட்ட அழைத்து வந்தாள். இடுப்பில் கைக்குழந்தையோடு அந்தப் பெண் சுவருக்கு மேலாக உள்ளே பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் குழந்தையின் தலையை அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"யாரு அது? ஆம்பளை ஆள்லாம் இங்க வந்து..."

எக்ஸ்ரேக்காரன் நிமிர்ந்தான். ஒரு கையில் ஈரத் துண்டு, மறு கையில் மகளின் கால். அந்தப் பார்வையில் அவன் யார், எவ்வளவு படித்தவன், பிள்ளைமேல் எவ்வளவு உயிர் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. அவன் உடம்பு கூசியது.

"அவர் குழந்தையோட அப்பாங்க" என்றான் நெட்டை மாமா, பின்னாலிருந்து. "எனக்கு நல்லாத் தெரியும். பயப்படாதீங்க."

"ஓ, அப்பாவா! சாரிங்க" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தையில் அவனுக்கு விடுதலை. அந்த வார்த்தையைச் சொல்லிக் காப்பாற்றியவன் தரையில் உட்கார்ந்து குட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தரையைத் துடைக்கக் கூடாது என்று கடிதத்தில் இல்லை.

கிளம்பும்போது எக்ஸ்ரேக்காரன் அவன் அருகில் போய், "நான்... கத்தியிருக்கக்கூடாது" என்றான்.

"அத விடுங்க சார். ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவ மேல தப்பில்லன்னு அவகிட்ட சொல்லிடுங்க. அவ சரியாத்தான் சொன்னா. இனிமே சொல்லியும் பிரயோஜனமில்லன்னு நினைச்சுடப் போறா."

அன்றிரவு எக்ஸ்ரேக்காரன் மனைவியிடம் நடந்ததையெல்லாம் கொட்டினான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலாம் போல இருந்தது. அவள் திட்டவில்லை. "சனிக்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. நீங்க போய்ப் பேசுங்க. உள்ளதச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளதைச் சொல்வது என்று அவனும் முடிவு கட்டினான். இரண்டு நாள் எக்ஸ்ரே அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தான். 'அவர்மேல் எனக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. என் மகளுக்கு அவரை என்னைவிடப் பிடித்துவிட்டது. அதைத் தாங்கமுடியாமல் எழுதினேன்.' மூன்றே வாக்கியம். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

சனிக்கிழமை நடு அறையில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழந்தைகளை அடுத்த அறையில் அக்கா பார்த்துக்கொண்டாள். நெட்டை மாமா பின்சுவரில் சாய்ந்து நின்றான். நாற்காலி மிச்சமிருந்தும் அவன் உட்காரவில்லை. பொறுப்பாளரம்மா விஷயத்தை எடுத்ததும் எக்ஸ்ரேக்காரன் எழுந்தான்.

"நான் எழுதினத வாபஸ் வாங்கிக்கிறேன்."

அறையில் சலசலப்பு. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா திரும்பினாள். கெட்ட மனுஷி இல்லை, பிள்ளைகளுக்காக உயிரை விடுகிறவள். "ஏன் சார்? உங்கள யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. அந்தக் கடிதம் தேவையில்லன்னு தோணுது."

"தோணுதா? நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறவரு. காரணமில்லாம எழுத மாட்டீங்கன்னு நம்பித்தானே நாங்கெல்லாம் போட்டோம். நீங்க ஏதோ பார்த்துட்டுத்தான் எழுதினீங்க, வெளிய சொல்லத் தயங்குறீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க சார். பார்த்தீங்களா இல்லையா?"

இப்படி ஒரு பேச்சு ஊருக்குள் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் போட்ட முதல் கையெழுத்துக்குப் பின்னால் மீதிப் பேர் ஏதோ ஒரு அசிங்கத்தைத் தாங்களாகவே கற்பனை செய்து வைத்திருந்தார்கள்.

"பார்க்கல. நான் எதையும் பார்க்கல."

"அப்போ ஏன் எழுதினீங்க?"

இதோ அந்த இடம். மூன்று வாக்கியமும் தொண்டைவரை வந்து நின்றன. முப்பது முகங்கள் அவனைப் பார்த்தன. அதில் தெரிந்த டாக்டர் ஒருவர், மகளின் தோழியின் அப்பா ஒருவர், தினமும் பேருந்தில் கூட வருகிறவர் ஒருவர். மூன்று வயதுப் பிள்ளை தள்ளிவிட்டாள் என்று வயிறெரிந்தேன் என இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்கு முகத்தில் எப்படி முழிப்பது?

"புரிஞ்சுக்கிறதுல... ஒரு சின்னக் குழப்பம்" என்றான்.

சொன்னதும் அவனுக்கே தெரிந்துவிட்டது. எதையோ பூசி மெழுகுகிறான் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. பூசி மெழுகுகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். "பாவம், அவருக்கு என்ன நெருக்கடியோ" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். கடிதம் வேண்டாம் என்று நான்கு கைகள் மட்டும் எழுந்தன. பொறுப்பாளரம்மா பின்சுவர்ப் பக்கம் போய், மற்றவர் காதில் விழாத குரலில், "அடுத்த வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்பா" என்றாள். நெட்டை மாமா தலையாட்டினான்.

வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரேக்காரன் தெருவில் நடந்தான். இரண்டாவது தெருமுனையில் அவள் நின்றாள்.

"அப்பா, நெட்டை மாமாவுக்கு என்மேல கோபமா?"

"இல்லடா கண்ணு. யாரு சொன்னா?"

"அப்போ ஏன் என்னைத் தூக்கல? நான் சொன்னேன்ல, வருதுன்னு?"

"நீ சரியாத்தான் சொன்ன. உன்மேல தப்பே இல்ல." அவன் நடைபாதையில் அவள் உயரத்துக்குக் குந்தினான். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "அப்பாதான் அவரத் தூக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

அதே கேள்விதான். முப்பது பேர் முன்னால் வராத பதில் இப்போது தானாக வந்தது. "உனக்கு அவர ரொம்பப் புடிச்சுதுல்ல? அது அப்பாவுக்குப் புடிக்கல."

வாண்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எனக்கு உன்னையும் புடிக்குமே" என்றாள், அவனுக்கு ஏன் இதுகூடத் தெரியவில்லை என்பதுபோல. பிறகு காப்பகத்தில் யாராவது யாரையாவது தள்ளிவிட்டால் பெரியவர்கள் சொல்கிற குரலில், "நீ போயி மாமாகிட்ட சாரி சொல்லு" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பி நடந்தான். கடைசியில் ஓட்டமும் நடையுமாகவே போனான். வாசலில் யாரும் இல்லை. உள்ளே நெட்டை மாமா தனியாக நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேக்காரனுக்கு மூச்சு வாங்கியது.

"சார்" என்றான். அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்கமேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்ல. பாப்பா உங்களத்தான் கேட்டா. என்னைத் தள்ளிவிட்டா. அதுல எனக்குப் பொறாமை. அதுக்குத்தான் எழுதினேன். என்னை மன்னிச்சிடுங்க."

நெட்டை மாமா கையிலிருந்த நாற்காலியை மடக்காமல் நின்றான். கோபப்படுவான் என்று எக்ஸ்ரேக்காரன் காத்திருந்தான். கோபம் வந்திருந்தால் அதைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் லேசாக வீட்டுக்குப் போயிருப்பான்.

"எனக்குத் தெரியும் சார். கடிதத்துல தூக்கக்கூடாதுன்னு இருந்ததப் படிச்சப்பவே தெரிஞ்சுது" என்றான் அவன். "ஆனா அவங்களுக்குத் தெரியாதே. நான் எங்க வேலைக்குப் போனாலும் இங்கதான் போன் பண்ணி விசாரிப்பாங்க. இத அவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்."

எக்ஸ்ரேக்காரன் அறையைத் திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் முப்பது சொச்சம் நாற்காலிகளில் பாதி மடக்கியும் பாதி விரித்தும் கிடந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை.